வயர் மாறிய மீட்டர்: கண்டுபிடிப்பதில் இருந்து பணம் திரும்பும் வரை

ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுக்கு 400 யூனிட் என்று பில் வந்தால் யாருக்கும் முதலில் வாயில் வருவது "மீட்டர் வேகமா ஓடுது" என்பதுதான். ஈபி பிரிவு அலுவலகத்தில் அதையே எழுதிக் கொடுத்தால், மீட்டர் சோதனைக்குக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். கட்டியபின் மீட்டரைச் சோதிப்பார்கள். "மீட்டர் நல்ல நிலையில் உள்ளது" என்று அறிக்கை வரும். அந்த அறிக்கை உண்மையானது. உங்கள் புகார் அதோடு முடிந்துவிடும், பில் மட்டும் குறையாது.

மீட்டர் தன் வழியாகப் போகும் கரண்ட்டை எண்ணுகிறது. அது யார் வீட்டுக் கரண்ட் என்று அதற்குத் தெரியாது. அடுக்குமாடிகளிலும், மாடி ஒரு சர்வீஸ் கீழ்வீடு ஒரு சர்வீஸ் என்று இருக்கும் தனி வீடுகளிலும் வரும் அதிக பில் புகார்களில், மீட்டரை விட்டுவிட்டு வயரைப் பார்க்க வேண்டியவை நிறைய. ஆகவே மனுவில் ‘மீட்டர் பழுது’ என்று எழுதாதீர்கள். ‘இணைப்பு மாறியுள்ளது, கள ஆய்வு தேவை’ என்று எழுதுங்கள். மனு போகும் பாதையே இதனால் மாறும். முதல் வகை மனு சோதனைக் கூடத்துக்குப் போகும், இரண்டாவது வகைக்கு ஆள் உங்கள் மீட்டர் போர்டுக்கு வந்தாக வேண்டும். ஆனால் அப்படி எழுதும் முன், எந்த மாதிரி மாறியிருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

வீட்டு மீட்டர் மாறிப்போவதில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, இரண்டு வீட்டு மீட்டர்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருப்பது. இன்னொன்று, பேஸ் (கரண்ட் உள்ளே வரும் வயர்) சரியாக இருந்து நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) மட்டும் அடுத்த வீட்டோடு கலந்திருப்பது. முதலாவதைப் பிடிப்பது சுலபம். இரண்டாவது வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். சோலார் வைத்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இடம் மாறிய மீட்டர்

எட்டு ஃபிளாட் உள்ள கட்டடத்தில் கீழ்த்தளத்து போர்டில் எட்டு மீட்டர் இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பைப் வழியாக வயர் மேலே போகும். கட்டுமானத்தின்போது எல்லா வீட்டுக்கும் ஒரே நிறச் சுருளில் இருந்து வயரை இழுத்து, முனையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதி வைப்பார்கள். பெயிண்ட் அடிக்கும்போது அந்த டேப் உதிர்ந்துவிடும். பிறகு மெயின் மாட்டுகிறவர் ஊகத்தில் இணைக்கிறார். இதில் மாறினால் அது கட்டடத்து வயரிங் தவறு. இன்னொரு விதமாகவும் நடக்கும்: வயரெல்லாம் சரியாக இருக்கும், மீட்டர் மாற்றிய நாளில் இரண்டு மீட்டர்களின் எண்கள் சர்வீஸ் நம்பர் மாறிப் பதிவாகியிருக்கும். அது ஈபி பதிவேட்டில் உள்ள தவறு. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான், திருத்தும் வழிதான் வேறு. அதனால் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு இரண்டு பேரும் இரண்டு செல்போனும் போதும். ஒருவர் வீட்டுக்குள், ஒருவர் மீட்டர் போர்டு முன்னால். இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதை அணைத்து, அதன் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் கரண்ட் திரும்பியதும் பேட்டரி சார்ஜ் ஆகி நானூறு வாட் வரை கூடுதலாக இழுக்கும், கணக்குக் குழம்பும். பிறகு வீட்டுக்குள் லைன்கள் பிரியும் டிபி பெட்டியில் உள்ள எம்சிபிகளை (ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சின்ன சுவிட்சுகள்) எல்லாம் இறக்குங்கள்; மெயினை இறக்க வேண்டாம், காரணம் பிறகு வரும். கீழே இருப்பவர் உங்கள் சர்வீஸ் நம்பர் எழுதிய மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், அந்த மீட்டர் உங்கள் வீட்டுக்கு ஓடவில்லை, அல்லது உங்கள் வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை.

அடுத்து எம்சிபிகளை ஏற்றி, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1500 வாட் கெட்டிலில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். அயர்ன் பாக்ஸைவிடக் கெட்டில் நல்லது, நடுவில் தெர்மோஸ்டாட் கட் ஆகாது. எந்த மீட்டரின் விளக்கு திடீரென்று வேகமெடுக்கிறதோ அதுதான் உங்களுக்கு ஓடும் மீட்டர். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. அப்படியானால் 1500 வாட்டுக்கு நூறு சிமிட்டல் முடிய 75 நொடி ஆக வேண்டும். கணக்கு இது: 36 கோடியை 3200-ஆல் வகுத்து, வந்ததை நொடியால் வகுத்தால் வாட். ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுங்கள். உங்கள் ஏரியாவில் வோல்டேஜ் 210-க்கு இறங்கியிருந்தால் கெட்டிலே 1250 வாட்தான் இழுக்கும், நூறு சிமிட்டலுக்கு 90 நொடி ஆகும். அதை மீட்டர் மெதுவாக ஓடுவதாக எண்ணிவிடாதீர்கள். திரையில் மாறி மாறி வரும் எண்களில் வோல்டேஜும் ஒன்று, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டரில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் போட்டோ எடுங்கள். பெயிண்டில் எழுதிய சர்வீஸ் நம்பரை நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். உங்கள் சர்வீஸ் நம்பருக்கு ஈபி பதிவேட்டில் எந்த மீட்டர் எண் இருக்கிறது என்று பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். பதிவேட்டில் உள்ள மீட்டர் எண்ணும் உங்கள் பெயிண்ட் எழுத்துக்கு மேலே உள்ள மீட்டரும் ஒன்று, ஆனால் கெட்டில் வேறு மீட்டரை ஓட்டுகிறது என்றால், மீட்டருக்கு அப்புறம் உள்ள வயர் மாறியிருக்கிறது. பதிவேட்டிலேயே எண் வேறாக இருந்தால் பதிவு மாறியிருக்கிறது.

நியூட்ரல் கலந்த மீட்டர்

இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். "எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டினதும் பில் ஏறிடுச்சு" என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதனால்தான். ஈபியும் மக்களும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதும் இதனால்தான்.

பழைய சக்கர மீட்டரில் கரண்ட் காயில் பேஸ் வழியில் மட்டும் இருந்தது. நியூட்ரலில் எவ்வளவு போனாலும் அது கண்டுகொள்ளாது. இன்றைய எலக்ட்ரானிக் மீட்டர் பேஸிலும் நியூட்ரலிலும் தனித்தனியாகக் கரண்ட்டை அளக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் பிரச்சினையில்லை. வித்தியாசம் வந்தால், எது அதிகமோ அதை வைத்துக் கணக்கெழுதும். பேஸை மட்டும் மீட்டர் வழியாக எடுத்து நியூட்ரலுக்குப் பதில் எர்த்தைப் பயன்படுத்தித் திருடுவது போன்ற வேலைகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல நோக்கம்தான், ஆனால் வயரிங் சுத்தமாக இல்லாத வீட்டில் அதுவே பில்லாக விழுகிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கீழ்வீட்டு ஹீட்டர் 10 ஆம்பியர் இழுக்கிறது. பேஸ் கீழ்வீட்டு மீட்டர் வழியாகப் போகிறது, நியூட்ரல் மட்டும் மாடி மீட்டர் வழியாகத் திரும்புகிறது. கீழ்வீட்டு மீட்டர்: பேஸ் 10, நியூட்ரல் 0, பெரியது 10, அதை எழுதுகிறது. மாடி மீட்டர்: பேஸ் 0, நியூட்ரல் 10, பெரியது 10, அதுவும் எழுதுகிறது. ஒரே ஹீட்டருக்கு இரண்டு வீட்டிலும் பில். இரண்டு நியூட்ரலும் எங்கோ ஒன்றாகச் சேர்ந்திருந்தால் கரண்ட் பாதி பாதியாகப் பிரியலாம். அப்போது கீழ்வீட்டில் 10, மாடியில் 5. கூட்டினால் ஒன்றரை மடங்கு. தெருவுக்கு வரும் மூன்று பேஸில் இரண்டு வீடும் வெவ்வேறு பேஸில் இருந்தால், ஹீட்டர் போன்ற சுமைக்கு மாடி மீட்டரில் ஏறத்தாழ பாதிதான் ஏறும், ஏனென்றால் அந்தக் கரண்ட்டுக்கும் மாடி மீட்டரின் வோல்டேஜுக்கும் இடையில் 120 டிகிரி விலகல் இருக்கிறது. கணக்கில் அது எதிர்த்திசையில் வந்தாலும் மீட்டர் பின்னோக்கி ஓடாது, முன்னோக்கியே எண்ணும். கீழ்வீட்டுக்காரருக்குத் தன் பில்லில் எந்த மாற்றமும் தெரியாது என்பதைக் கவனியுங்கள். புகார் சொல்வது மாடிவீட்டுக்காரர் மட்டும்தான், காரணம் இருப்பதோ அவர் வீட்டுக்கு வெளியில்.

இதற்கு ஒரு கண்கூடான அடையாளம் மீட்டரிலேயே இருக்கிறது. ‘எர்த்’ என்று ஆங்கிலத்திலோ அதன் சுருக்கத்திலோ எழுதிய ஒரு சின்ன விளக்கு, அல்லது திரையில் ஒரு குறி. பேஸ் கரண்ட்டும் நியூட்ரல் கரண்ட்டும் ஒத்துப்போகாதபோது அது எரியும். கலந்த நியூட்ரலில் இரண்டு வீட்டு மீட்டரிலும் எரியும். எர்த்துக்குக் கசிவு இருந்தாலும் அதே விளக்குதான் எரியும், ஆனால் அது ஒரு மீட்டரில் மட்டும். பக்கத்து மீட்டரையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். புதிதாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியதும் எதைப் போட்டாலும் டிரிப் ஆகிறது என்றால், எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். நியூட்ரல் வேறெங்கோ போகிறது என்று அது சொல்கிறது.

உறுதி செய்ய: உங்கள் டிபி பெட்டியில் இருக்கும் தனித்தனி எம்சிபிகளை எல்லாம் இறக்குங்கள், இரட்டை முனை மெயினை (பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிப்பது) ஏற்றியே விடுங்கள். இப்போது உங்கள் வீட்டில் பேஸ் எதுவும் போகவில்லை, நியூட்ரல் மட்டும் இணைந்திருக்கிறது. மீட்டர் இன்னும் சிமிட்டினால் அது அடுத்தவர் நியூட்ரல். பக்கத்து வீட்டில் 2000 வாட் கீசரைப் போடச் சொல்லுங்கள். சிமிட்டல் சட்டென்று வேகமெடுத்தால் விஷயம் முடிந்தது. அந்தச் சில நிமிடத்தை வீடியோ எடுங்கள்: கீசர் போட்டதும் வேகமெடுப்பது, அணைத்ததும் அடங்குவது, இரண்டும் ஒரே ஓட்டத்தில் பதிவாகட்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சோதனைக்காக இரட்டை முனை மெயினைச் சும்மா இறக்கிவிடாதீர்கள். பக்கத்து வீட்டு நியூட்ரல் உங்கள் மெயின் வழியாகத்தான் திரும்புகிறது என்றால், அதை இறக்கியதும் அவர்கள் வீட்டு நியூட்ரல் அறுந்ததாகிவிடும். வெவ்வேறு பேஸ் சுமைகள் அதே நியூட்ரலில் இருந்தால், 400 வோல்ட் வரை ஏதோ ஒரு டிவியிலோ ஃபிரிட்ஜிலோ ஏறும். பக்கத்து வீட்டில் ஒரு பல்பைத் தவிர எல்லாப் பிளக்கையும் பிடுங்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். வயர்மேனுக்கும் இதே ஆபத்து உண்டு: மெயினை இறக்கிவிட்டோம் என்று நம்பி நியூட்ரலைப் பிரிக்கும் கையில் அடுத்த வீட்டுக் கரண்ட் பாயும்.

மீட்டருக்கு அப்புறம் உள்ள பகுதியில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட்டை அளக்கும் கருவி) போட்டுப் பார்ப்பதை, தகுதிச் சான்று உள்ள வயர்மேனிடம் விடுங்கள். அவர் பேஸை மட்டும், நியூட்ரலை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து ஒரே கிளாம்ப்பில் பிடிக்க வேண்டும். சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் வர வேண்டும். பேஸ் 6.2, நியூட்ரல் 1.1, சேர்த்தால் 5.1 என்றால் அந்த 5.1 ஆம்பியர் வேறு வழியில் ஊருக்குப் போகிறது. நியூட்ரல் பேஸைவிட அதிகம் என்றால் வெளியார் கரண்ட் உங்களிடம் வருகிறது.

கலந்த இடத்தைத் தேடுவது கரண்ட் இல்லாத நிலையில் செய்யும் வேலை. இரண்டு வீட்டு மெயினும் இறங்கியிருக்க, ஒரு வீட்டு நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) இருந்து அடுத்த வீட்டு நியூட்ரல் பாருக்கு மல்டிமீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் இரண்டும் சேர்ந்திருக்கிறது. பிறகு ஒரு பாரில் இருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்; எதைப் பிரித்ததும் பீப் நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பல நேரம் அது மாடிப்படி விளக்காக இருக்கும், மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் வைத்த லைன். அல்லது இன்வெர்ட்டருக்குப் பின்னால் இழுத்த லைன், மோட்டார் லைன், இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவரில் உள்ள சுவிட்ச் பாக்ஸ். இன்வெர்ட்டர் மாட்ட வருகிறவர்கள் பேஸை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு நியூட்ரலைக் கிட்டே இருக்கும் ஏதாவதொன்றில் சேர்ப்பது நடக்கிறது. அதுவும் ஒரு சர்வீஸ் மட்டும் உள்ள வீட்டில் பில்லுக்குத் தொந்தரவில்லை. இரண்டு சர்வீஸ் உள்ள வீட்டில் அதே வேலை பில்லாக மாறும்.

சோலார் போட்டவர்களுக்கு

மேற்கூரையில் சோலார் போட்டுவிட்டு, இருதிசை மீட்டர் வரும் முன்பே இன்வெர்ட்டரை ஆன் செய்துவிடாதீர்கள். பழைய ஒருதிசை மீட்டர் வெளியே போகும் கரண்ட்டையும் உள்ளே வருவதாகவே எண்ணும். 3 கிலோவாட் தகடுகள் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தரும். அதில் 8 யூனிட் வெளியே போனால், அந்த 8 யூனிட்டுக்கும் நீங்கள் பணம் கட்டுவீர்கள். இருதிசை மீட்டர் வந்த பிறகும், உள்வயரும் வெளிவயரும் இடம் மாறியிருந்தால் இரண்டு கணக்கும் தலைகீழாகும். சூரியன் மறைந்த பிறகு 1.8.0 என்ற குறியோடு வரும் எண் ஏற வேண்டும், அது நீங்கள் வாங்கியது. 2.8.0 அசையாமல் இருக்க வேண்டும். ராத்திரியில் 2.8.0 ஏறினால் வயர் மாறியிருக்கிறது. மாட்டிய அன்று ராத்திரியே பாருங்கள்.

எதைத் தொடக்கூடாது

மீட்டரின் கீழ் மூடிக்குள் நான்கு முனைகள் இருக்கும். பெரும்பாலான ஒற்றை பேஸ் மீட்டரில் இடமிருந்து வரிசை: பேஸ் உள்ளே, நியூட்ரல் உள்ளே, நியூட்ரல் வெளியே, பேஸ் வெளியே. அந்த மூடியில் முத்திரை இருக்கிறது. அதை நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ உடைக்கக் கூடாது. உள்ளே தவறு கண்ணுக்குத் தெரிந்தாலும் கூடாது. மின்சாரச் சட்டம் 2003-இன் பிரிவு 138 மீட்டரில் கை வைப்பதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அதைவிட நடைமுறையில் மோசமானது, நியாயமான உங்கள் புகார் திருட்டுக் கேஸாக, பிரிவு 135-க்குள், திரும்பிவிடும் வாய்ப்பு. மீட்டருக்கு அப்புறம் உள்ள உங்கள் மெயினில் இருந்துதான் உங்கள் எல்லை.

மனுவும் அதன் பயணமும்

முதலில் பக்கத்து வீட்டில் பேசுங்கள், மனு கொடுத்த பிறகு அல்ல. மீட்டர் மாறிய கேஸில் ஒருவர் அதிகம் கட்டியிருக்கிறார், இன்னொருவர் குறைவாகக் கட்டியிருக்கிறார். குறைவாகக் கட்டியவருக்கு "நான் திருடவில்லையே" என்ற பயம் முதலில் வரும். அது நியாயமான பயம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே மனு, தனித்தனி இரண்டு மனுக்களைவிட வேகமாக நகரும்.

மனுவின் பொருள் வரி இப்படி இருக்கட்டும்: "சர்வீஸ் எண் ..., மீட்டர் எண் ... – இணைப்பு அடுத்த சர்வீஸோடு மாறியுள்ளது – கள ஆய்வு செய்து, இணைப்பு அல்லது பதிவேட்டைத் திருத்தி, கட்டணத்தை மறுகணக்கீடு செய்யக் கோருதல்." உள்ளே: சோதனை செய்த தேதி, நேரம், கெட்டில் எத்தனை வாட், நூறு சிமிட்டலுக்கு எத்தனை நொடி, எந்த மீட்டரில், அப்போது இரண்டு மீட்டரின் ரீடிங். கதை வேண்டாம், எண்கள் போதும். மீட்டர் போட்டோ, கடந்த பில்களின் பட்டியல் இணைப்பு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஈபியின் போன் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் பதிவு செய்து புகார் எண்ணும் வாங்கி மனுவில் எழுதுங்கள். போன் புகார் மட்டும் இருந்தால், "சரிபார்க்கப்பட்டது" என்ற ஒரு வரியோடு மூடப்படுவதைத் தடுக்க ஆதாரம் இருக்காது.

பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் அல்லது இளநிலைப் பொறியாளர் பார்ப்பார். அதற்கு மேல் உபகோட்டத்தில் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர். பணம் திரும்ப வேண்டிய கேஸ் பிரிவு மட்டத்தில் மட்டும் முடிவது அரிது, வருவாய்ப் பிரிவுக்குப் போகும். அதனால் மனுவின் ஒரு நகலை உபகோட்டத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

ஆய்வுக்கு வரும்போது கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பல எலக்ட்ரானிக் மீட்டர்கள் எர்த் சுமை, தலைகீழ் கரண்ட் போன்ற நிகழ்வுகளைத் தேதி நேரத்தோடு சேமித்து வைக்கின்றன. மீட்டர் சோதனைப் பிரிவு அதைக் கருவி வைத்து இறக்கிப் பார்க்க முடியும். அந்தத் தேதிதான் எந்த நாளில் இருந்து பணம் திரும்ப வேண்டும் என்பதற்கான உறுதியான ஆதாரம். அது இல்லையென்றால் மீட்டர் மாற்றிய தேதி.

வயர் மாறியிருந்தால் திருத்தும் செலவும் பொறுப்பும் வீட்டுக்காரர்களுடையது; ஈபி முத்திரையைத் திறந்து மூடித் தரும். பதிவேடு மாறியிருந்தால் அலுவலகத்திலேயே முடிய வேண்டும். சிலர் "வயரை விடுங்க, ரெக்கார்டை மாத்திடலாம்" என்பார்கள். வயர் தவறாக இருந்து பதிவை மாற்றினால், போர்டில் எழுதிய எண்ணும் உண்மையும் என்றும் ஒத்துப்போகாது. ஐந்து வருடம் கழித்து வரும் அடுத்த வயர்மேன் அதே குழப்பத்தில் மாட்டிக்கொள்வார். வயர் தவறென்றால் வயரை மாற்றுங்கள், பதிவு தவறென்றால் பதிவை.

திருத்தும் நாளில் இரண்டு மீட்டரின் ரீடிங்கையும் ஒரே நேரத்தில் எழுதி, வந்த ஊழியரின் கையெழுத்தை ஒரு தாளில் வாங்குங்கள். முடிந்தால் கணக்கெடுப்பு நாளை ஒட்டிச் செய்யச் சொல்லுங்கள். நடுவில் செய்தால் அந்த இருமாதக் கணக்கை இரண்டாக உடைக்க வேண்டிவரும், அதில் தவறு நேர வாய்ப்பு அதிகம். திருத்தியதும் அங்கேயே கெட்டில் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பணம்

தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பு 2004-இன் விதி 12, தவறாக அதிகம் வசூலித்ததை வட்டியோடு திருப்பக் கேட்கும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. அதே விதி, குறைவாக வசூலித்திருந்தால் கூடுதலாகக் கேட்கும் உரிமையை ஈபிக்கும் தருகிறது. பணம் பெரும்பாலும் கையில் வராது, அடுத்த பில்களில் கழியும்.

மறுகணக்கில் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ‘கூடுதல் யூனிட் இத்தனை, சராசரி விலை இத்தனை’ என்று ஒரே பெருக்கலில் போடக் கூடாது. நம் கட்டணம் படிப்படியானது. இருமாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டியதும் மேல்படி விலை மட்டும் ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். உண்மையில் 300 யூனிட் செலவழித்தவர் 620-க்குப் பில் கட்டியிருந்தால், அவர் இழந்தது 320 யூனிட்டின் விலையைவிட அதிகம். ஒவ்வொரு இருமாதத்தையும் அந்தந்தக் கால விலைப்பட்டியலில் தனியாகப் போட்டு வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். நீங்களே ஒரு தாளில் போட்டு மனுவோடு இணைத்தால் வருவாய்ப் பிரிவில் வேலை சுலபமாகும். நியூட்ரல் கலந்த கேஸில் இந்தக் கணக்கு கடினம், எத்தனை யூனிட் அடுத்தவருடையது என்று தனியாக எண்ணிய மீட்டர் இல்லை. கலப்பு வீட்டுக்குள் நடந்தது என்று ஈபி சொல்லும், அதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. அங்கே திருத்தத்துக்குப் பின் வரும் இரண்டு மூன்று பில்களை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

புகார் நடக்கும்போது வரும் பெரிய பில்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். மின்சாரச் சட்டத்தின் பிரிவு 56(1)-இன்படி, இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்து அறிவிப்பு வேண்டும். கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியையோ, எது குறைவோ அதை ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. ஆறு மாதமும் தவறான பில் என்றால் சராசரியும் உயர்ந்துதான் இருக்கும், தவறு தொடங்கிய உடனே புகார் கொடுப்பது அதனாலும் நல்லது.

குறைவாகக் கட்டிய பக்கத்தில் நீங்கள் இருந்தால்: பிரிவு 56(2), பாக்கி முதலில் செலுத்த வேண்டியதான நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2020-இல் அஜ்மீர் வித்யுத் வித்ரன் நிகம் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறு கண்டுபிடித்த பின் கூடுதல் பில் போடலாம், அந்தப் பழைய தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று விளக்கியது. ஆகவே மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம், பில்லே வராது என்றும் நம்ப வேண்டாம். தவணை கேட்டு எழுதுங்கள்.

அலுவலகத்தில் பதில் வராவிட்டால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். வக்கீல் தேவையில்லை. அங்கே தீர்வு திருப்தி இல்லையென்றால், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் சென்னை கிண்டியில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. மன்றத்துக்குப் போகாமல் நேராகத் தீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முத்திரை வாங்கிய அந்த முதல் மனு, சிமிட்டல் எண்ணிய தாள், திருத்திய நாள் ரீடிங் தாள், இந்த மூன்றும் கையில் இருந்தால் மன்றத்தில் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

திருத்தத்துக்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு நாளில் வீட்டில் இருங்கள். கணக்கெடுக்க வருகிறவர் பழைய பழக்கத்தில் பழைய வரிசைப்படியே ரீடிங் போட்டுவிடலாம். அவர் கருவியில் தட்டும் எண்ணையும் உங்கள் மீட்டர் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டு, அட்டையிலும் அன்றைய ரீடிங்கை எழுதச் சொல்லுங்கள்.